சோற்றுக்கு முகம் கேட்கிறார்கள்

1

போன கிழமை ஊரிலிருந்து சுதன் தொலைபேசியில் எடுத்தான். சுதன் என் சித்தியின் மகன். இடம்பெயர்ந்த சனங்கள் தங்கியிருக்கும் முகாம் ஒன்றில் சமையலுக்கு நிற்கிறான். லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தார் அந்த முகாமுக்கு ஒரு நாள் மதியச் சாப்பாடு தர முன்வந்திருக்கிறார்களாம். நல்ல விஷயம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். சாப்பிடுகிறவர்களைத் தட்டும் கையுமாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பின்னால் சங்கத்தின் பெயர் எழுதிய துணி வடிவாகத் தெரிய வேண்டும்.

"என்னக்கா செய்வம்? படந்தானே, குடுத்தா என்ன குறைஞ்சு போகுது எண்டு இஞ்ச கொஞ்சப் பேர் சொல்லினம்" என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்க லைன் அறுந்துவிட்டது. ஒரு வகையில் நல்லதுதான். வாயால் பதில் சொல்லியிருந்தால், பெரியவர்கள் காதில் விழக்கூடாத வார்த்தைதான் முதலில் வந்திருக்கும். அவனுக்குச் சொல்ல நினைத்ததை, ஊர்ச் சனங்கள் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நாளைக்கு உங்களில் ஒருவர் அந்த வரிசையில் தட்டோடு நிற்கலாம், இன்னொருவர் கமெராவோடு நிற்கலாம். இரண்டு பேருக்கும் இது தேவைப்படும்.

நான் இருப்பது தாம்பரத்துக்குத் தெற்கே, பீர்க்கன்கரணையில். ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து பத்து வருசத்துக்கு மேலாகிறது. கணவருக்குத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் வேலை. மகள் தர்ஷினி பதினோராம் வகுப்பு. நான் காலை வேலையை முடித்துவிட்டு, பக்கத்துப் பெருங்களத்தூரில் ஒரு சமையற்கட்டில் சோறு வடிக்கப் போகிறேன். அங்கே நடந்த ஒன்றைச் சொன்னால் சுதனுக்கு விளங்கும்.

2

முதலில் இந்தப் படம் எடுக்கிற விவகாரத்தில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்தபின் நான் முகத்தைக் காட்டி நின்ற இடங்களுக்குக் கணக்கில்லை. காவல் நிலையத்தில் பதிவு, வீடு மாறினால் மறுபடி பதிவு, மகள் பள்ளிக்கூடம் மாறினால் அதற்கொரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு படம். ஒருமுறை குடும்பமாக நிறுத்தி, எங்கள் பெயர் எழுதிய பலகையைப் பிடிக்கச் சொன்னார்கள். "பலகைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா" என்றார் படம் எடுத்தவர். தர்ஷினிக்கு அப்போது ஆறு வயது. படம் என்றால் சிரிக்க வேண்டும் என்று நினைத்துப் பல் தெரியச் சிரித்தது. "பாப்பா, சிரிக்கக் கூடாது" என்றார்கள். அந்த முகம் சுருங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

வீடு தேடுவது அதைவிட மோசம். வாசலில் நின்று, "வீடு வாடகைக்கு இருக்குதெண்டு சொன்னவை" என்று நான் தொடங்கினாலே போதும். "சிலோனா? வேணாம்மா. அப்புறம் போலீஸ் கீலீஸுன்னு வந்து நிப்பாங்க." கதவு சாத்தியாகிவிடும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது, உங்களுக்குத் தெரியும். தாய் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். என் சீதன வீடு இராணுவத்தின் முட்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அதற்குள் யார் படுக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே என் மகளுக்கு நான் எழுதிக் கொடுக்க ஒரு வாசற்படிகூட இல்லை.

அதனால்தானோ என்னவோ, மகள் எங்களை விட்டு இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். வீடு பார்க்கப் போனால், "அம்மா, நீ வாயே தொறக்காத, நான் பேசிக்கறேன்" என்று முன்னே நிற்கிறாள். அவள் கதைத்தால் வீடு கிடைக்கிறது. இப்போது இருக்கும் வீடு அப்படிக் கிடைத்ததுதான். பிறகு சாப்பாட்டு நேரத்தில், "இன்னாம்மா, கொழம்புல உப்பே இல்ல" என்கிறாள். அவள் தகப்பன் கையை உதறிவிட்டு எழும்பிப் போகிறார். உப்புக்காக அல்ல.

3

அந்தச் சமையற்கட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பஷீர் பாய் என்றவர் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு, அதையொட்டி ஒரு தகரக் கொட்டகை. கிடங்கில் சமையல், கொட்டகையில் பந்தி. இரவில் அங்கேயே கொஞ்சப் பேர் படுத்துக்கொள்வார்கள். பாயோடு சேர்ந்து இதை நடத்துபவர் கஸ்தூரி அக்கா. இந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். அவர்கள் நெல் போட்ட நிலத்தில்தான் இப்போது பல அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஒரு நாள் வயல் வாடை தெரியாத ஒரு பெண்மணி வாசலில் நின்று, "இந்த ஏரியா முன்னாடி வெறும் காலி எடம் தானே?" என்று கேட்டாளாம். "ஆமாம்மா, காலியாத்தான் இருந்துச்சு. நெல்லு மட்டும் இருந்துச்சு" என்றாராம் அக்கா.

தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் நிற்கிற இடம் பெருங்களத்தூர். பஸ்ஸில் ஏறப் பணம் இல்லாமல் தங்கிப் போனவர்கள், கட்டட வேலைக்கு வந்து விழுந்து கால் உடைந்தவர்கள், பிள்ளைகள் "இங்கயே இரு, டிக்கெட் வாங்கிட்டு வரேன்" என்று உட்கார வைத்துவிட்டுப் போன பெற்றோர் என்று யார் யாரோ அங்கே மிஞ்சுவார்கள். அவர்களுக்குத்தான் இந்தச் சோறு. முதல் நாள் நான் பரிமாறும்போது, "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றேன். பந்தியே சிரித்தது. "வடிவான்னா இன்னாக்கா, அழகாவா? பசில எங்க அழகா துன்றது?" என்றாள் ஒருத்தி. அவள்தான் எல்லம்மா. அன்றிலிருந்து எனக்குச் சிநேகிதி.

தொடக்கத்தில் அரிசி பாயின் கையிலிருந்தும் அக்காவின் கையிலிருந்தும் வந்தது. மாடிக்கட்டடங்கள் எழும்ப, அங்கிருந்தும் வரத் தொடங்கியது. பிள்ளையின் பிறந்தநாள், அப்பாவின் நினைவுநாள், புதுவீடு புகுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளைச் சாப்பாடு. இது இந்த ஊரில் இப்போது பெரிய வழக்கம். நான் குறை சொல்லவில்லை. கேக் வெட்டுகிற காசில் நாலு பேர் வயிறும் நிறையட்டும் என்று நினைப்பது நல்ல நினைப்புத்தான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றுக்கு முன்னால் வேறு சாமான்கள் வந்து சேர்ந்தன. பந்தியில் இருப்பவர்கள் கை தட்ட வேண்டும். இங்கிலீசில் பிறந்தநாள் பாட்டுப் பாட வேண்டும். கடைசியில் கமெரா வந்தது.

அந்த அடுக்குமாடி ஒன்றின் சங்கச் செயலாளர் சேகர் சார். அவர் மகனுக்கு முதல் பிறந்தநாள். பிரியாணி சொன்னார். இலை போட்டு, பிரியாணி வைத்து, தயிர்ப் பச்சடியும் வைத்தாகிவிட்டது. படம் எடுக்கிறவர் வரவில்லை. "ஒரு டூ மினிட்ஸ், யாரும் கை வைக்காதீங்க ப்ளீஸ்" என்றார் சேகர் சார். எல்லோரும் இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர்களும் அந்தப் பந்தியில் இருந்தார்கள். சோற்றைப் போட்டுவிட்டு, தொடாதே என்று சொல்கிற கொடுமையை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பிரியாணியில் எழும்பிய ஆவி அடங்கி, ஈ வந்து குந்தத் தொடங்கியபிறகு படக்காரர் வந்தார்.

எல்லம்மா முந்தானையை இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டாள்.

"அம்மா, துணிய எடு, மூஞ்சி தெரியல" என்றார் படக்காரர்.

"என்ன உட்டுடு சார், மத்தவங்கள எடு."

"லைன்ல நீ நடுவுல கீறம்மா. உன்ன உட்டா கேப் விழும்."

அவள் அசையவில்லை. சேகர் சார் சிரித்துக்கொண்டே, "நீங்க துணிய எடுத்தாதான்மா எல்லாரும் சாப்பிட முடியும்" என்றார். பந்தியின் கடைசியில் இருந்து ஒரு வயதான குரல், "எடும்மா தாயே, ஆறிப் போவுது" என்று கெஞ்சியது. அவள் முந்தானையை எடுத்தாள். பளிச்சென்று அடித்தது வெளிச்சம். அதன்பிறகுதான் பந்தியில் கை நனைந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்குகிறவனுக்குத்தான் புத்தி சொல்லி வைத்திருக்கிறார்கள். கொடுக்கிறவன் வாங்குகிறவனின் பல்லைப் பிடித்துப் பார்த்தால் என்ன செய்வது என்று ஒரு பழமொழியும் இல்லை.

4

எல்லம்மா பிச்சைக்காரி இல்லை. ஏரிக்கரையில் குடிசை போட்டு, நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, ஒரே மகள் செல்வியைக் கூடுவாஞ்சேரியில் கட்டிக் கொடுத்தவள். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் கரையில் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டார்கள். ஏரி காப்பாற்றப்பட வேண்டும், சரி. அந்த ஏரிக்கரையை ஒட்டி எழும்பிய மாடிக்கட்டடத்தை யாரும் தொடவில்லையே, அது எப்படி? ஏரிக்குக் குடிசையென்றால் மட்டும் மூச்சு முட்டுமோ?

குடிசை போனபின் எங்கள் கொட்டகையில்தான் படுத்தாள். அதை அவள் மகளுக்குச் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மகளைச் சொல்லிக் காட்டுவார்கள் என்ற பயம். வேலை செய்கிற வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள், அந்த வீட்டம்மாவுக்கு ஆட்கள் வந்தால் பிடிக்காது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பொய்யில் காலம் ஓடியது. பிறகு செல்விக்கு வயிற்றில் பிள்ளை வந்தது.

ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். "அக்கா, பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம் பொறக்கப்போவுது. வளகாப்பு வெச்சி, தலப்பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு இட்டாரணும். எங்க இட்டாருவேன்? இந்தக் கொட்டாயிக்கா?"

வெங்காயத்தால்தான் கண்ணில் தண்ணீர் என்று இரண்டு பேரும் பாவனை செய்துகொண்டோம். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் ஊரிலும் வழக்கந்தானே. தாய் இருக்கிறாள், வீடு இல்லை. எனக்கு என் மகளின் முகம்தான் வந்து நின்றது. நாளைக்கு அவள் எந்த வீட்டுக்கு வருவாள்?

நான் கஸ்தூரி அக்காவிடம் சொன்னேன். அக்கா, "பம்புசெட் ரூம் ஒண்ணு இருக்கு" என்றார். வயல் இருந்த காலத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் கட்டிய அறை. வயலை விற்றபோதும் அந்த மூலையை மட்டும் அவர் விற்கவில்லை. இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே அது தனியாக நின்றது. உள்ளே மோட்டார் இருந்த மேடையும் எலியும்தான் மிச்சம்.

அதை வீடாக்கியது யார் தெரியுமா? அந்தப் பந்தியில் சாப்பிடுகிறவர்கள். கால் தாங்கித் தாங்கி நடக்கிற முருகன் நல்ல கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்ததோடு மேஸ்திரி அவரைக் கைவிட்டுவிட்டார். அவர் மேடையை இடித்துத் தரை போட்டார். இன்னொருவர் சுண்ணாம்பு அடித்தார். பாய் ஒரு தகரக் கதவைக் கொண்டுவந்து மாட்டினார். வீடு இல்லாதவர்கள் சேர்ந்து ஒரு வீடு செய்தார்கள். நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டுக் கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது முடிந்துவிட்டது. எல்லம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, "வூடுதான்க்கா. பாத்தா வூடு மாரியே கீது" என்றாள்.

5

வளைகாப்புக்குச் சில நாள் இருக்கும்போது அந்தப் படம் பதாகையாக எழும்பியது.

இந்த ஊரில் இப்போது எதற்கெடுத்தாலும் பிளெக்ஸ் பானர். காது குத்தினாலும் பானர், கட்சியில் சேர்ந்தாலும் பானர். பெருங்களத்தூர்ச் சந்தியில், பஸ்ஸெல்லாம் நெரிசலில் நின்று நின்று நகர்கிற இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு அது நின்றது. சேகர் சாரின் பிள்ளை தலையில் மகுடம், கையில் வாள். 'எங்கள் குட்டி இளவரசனின் முதல் பிறந்தநாளில் ஆதரவற்றோருக்கு அன்னதானம்.' கீழே கரண்டியோடு சேகர் சார், அவர் முன்னால் வரிசையாக முகங்கள். நடுவில் எல்லம்மா, எங்கள் ஊர்த் தண்ணீர்க்குடம் அளவுக்கு.

கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் போகிற எந்தப் பஸ்ஸும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வளைகாப்பு முடிந்து சம்பந்தி வீட்டார் செல்வியைக் கொண்டுவந்து விடப்போவதும் அந்த வழியாகத்தான். எல்லம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து, கிடங்கின் மூலையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் சேகர் சார் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்து உபசரித்தார். அதையும் சொல்ல வேண்டும்.

"இதுல என்ன ப்ராப்ளம் மேடம்? நாலு பேர் பாத்தா நாலு பேருக்கு ஹெல்ப் பண்ணணும்னு தோணும். அவங்க ஃபேஸ் தெரிஞ்சா என்ன? அவங்கள யாருக்குத் தெரியும்?"

"அவளுக்கு ஒரு மகள் இருக்கிறா" என்றேன்.

"மகள் இருக்காங்களா? அப்ப மகளே சாப்பாடு போடலாமே. நாங்க எதுக்கு?"

தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினேன். அவங்கள யாருக்குத் தெரியும். இந்த ஒரு வசனத்துக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். சாப்பாடு இல்லாதவனுக்கு மாமன் மச்சான் இருக்க மாட்டான், அவனைப் பார்த்து வெட்கப்பட ஒரு ஆள் இருக்காது, அவன் தெருவிலேயே முளைத்தவன் என்பது இவர்களின் நினைப்பு.

பிறகு நானும் கஸ்தூரி அக்காவும் எல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். பானருக்கு அனுமதி தருவது தாங்கள்தான், எடுக்கச் சொல்வது போலீஸ் என்றார்கள். போலீஸில், எடுக்கச் சொல்ல வேண்டியது அந்த அலுவலகம் என்றார்கள். அக்கா விடாமல் நிற்க, சரி, புகார் எழுதித் தா என்றார் அங்கிருந்தவர்.

"பேரு?"

"எல்லம்மா சார்."

"அட்ரஸ்?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஏரிக்கரை சார்."

"அங்கதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே. இப்ப எங்க இருக்க? அட்ரஸ் இல்லாம கம்ப்ளைன்ட் எப்படி எழுதறது?" அடுத்ததாக என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா?" நான் வாயைத் திறந்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. "சிலோனா? உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? ஒழுங்கா பதிவு பண்ணிட்டு இருந்துட்டுப் போ."

விலாசத்தைப் பிடுங்கியதும் அரசாங்கம், விலாசம் எங்கே என்று கேட்பதும் அரசாங்கம். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவரும், "உமக்கு ஏன் தேவையில்லாத வேலை? எங்கட பதிவு அவங்கட கையில எல்லே கிடக்கு" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயந்தான் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

பஷீர் பாய்க்கும் தயக்கம். "அந்த அபார்ட்மெண்ட்டுல இருந்துதான் நமக்கு அரிசி வருது அக்கா. ஒருத்தருக்காகச் சண்டை போட்டா, நாளைக்கு மொத்தப் பந்திக்கும் சோறில்லாமப் போயிடும். கொஞ்சம் பொறுத்துப் போவோம்" என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. பசி இருக்கிற இடத்தில் இப்படித்தான் எல்லோரும் நியாயமாகவே கதைப்பார்கள், அநியாயம் மட்டும் அசையாமல் நிற்கும்.

வளைகாப்புக்கு முதல் நாள் காலை எல்லம்மா மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்தாள். "பாய், நான் கூடுவாஞ்சேரிக்கு வரல. எனக்கு மேலுக்கு முடியலன்னு சொல்லிடுங்க. கஸ்தூரியம்மா அம்மா எடத்துல நின்னு எம் பொண்ண அவங்க வூட்டுக்கே இட்டாந்துடட்டும். அவங்க வூட்டுலயே வேலைக்காரி மாரி நான் இருந்துக்கறேன். போட்டோல இருக்கற மூஞ்சி யாருன்னு அப்ப யாரும் கேக்க மாட்டாங்க."

பாய் அவளையே பார்த்தார். பிறகு கடைக்குள் போனார். ஏணியையும் தகரம் வெட்டுகிற கத்திரியையும் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், சந்தியை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஏணியில் ஏறி, எல்லம்மாவின் முகத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தார். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. முருகன் காலை இழுத்துக்கொண்டு ஏணிக்குக் கீழே வந்து நின்றார். "பாய், என்னயும் எடுத்துடுங்க. எங்க ஊரு பஸ்ஸும் இந்த வழியாத்தான் போவுது."

அவர் அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்தப் படத்துக்குச் சிரித்து நின்றவர்கள்கூட. பாய் எல்லாவற்றையும் வெட்டி, அவரவர் முகத்தை அவரவர் கையில் கொடுத்தார். குழந்தையின் முகத்தைத் தொடவில்லை. சேகர் சாரின் கையில் இருந்த கரண்டியையும் தொடவில்லை. கடைசியில் அவர் ஓட்டைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்றார்.

அதன் பலனும் வந்தது. அடுக்குமாடியிலிருந்து அரிசி நின்றது, நாங்கள் பல நாள் கஞ்சி காய்ச்சினோம். என்னையும் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு, சிலோன்காரி தூண்டிவிட்டதாகப் புகார் வந்திருக்கிறது என்று எச்சரித்து அனுப்பினார்கள். போகட்டும்.

6

வளைகாப்புக்கான கட்டுச்சோற்றை எங்கள் கிடங்கில்தான் சமைத்தோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். தினமும் பந்திக்கு வடிக்கிற அதே அண்டா. கூடுவாஞ்சேரிக்குப் போன பெண் வீட்டார் யாரென்றால், தாய் எல்லம்மா, தாய்மாமனாகத் தோய்த்த சட்டை போட்ட முருகன், அக்கா, நான், தர்ஷினி, கொட்டகையில் படுக்கிற இன்னும் ஐந்தாறு பேர். வளையல் அடுக்கும்போது நான் என்னை மறந்து, "கையை நீட்டுங்கோ பிள்ளை" என்றுவிட்டேன். சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தாள். "இவங்க பேச்சு ஒரு மாதிரி கீதே?"

எல்லம்மா கண் இமைக்காமல் சொன்னாள். "எங்க பெரிம்மா பொண்ணு. சின்ன வயசுலயே சிலோன்ல கட்டிக் குடுத்துட்டாங்க. அங்க போயி பேச்சே மாறிப்போச்சு."

எனக்கு ஒரு சொந்தம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற தர்ஷினி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமா அத்த, அம்மாவுக்கு இன்னும் இங்கத்த பேச்சு வரல" என்றாள். இத்தனை வருசத்தில் என் பேச்சுக்காக அவள் வெட்கப்படாமல் நின்றது அன்றைக்குத்தான்.

மாலையில் செல்வியைக் கூட்டிக்கொண்டு பெருங்களத்தூரில் இறங்கினோம். சம்பந்தியம்மா சந்தியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "இன்னாது, பானர் பூராவும் ஓட்டயா கீது?" எல்லம்மா முன்னால் நடந்தாள். பம்புசெட் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "சின்னதா இருந்தாலும் காத்தோட்டமா கீது. புள்ளய நல்லா பாத்துக்க" என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனாள். அவர்கள் தெருமுனையைத் தாண்டும்வரை எல்லம்மா மூச்சே விடவில்லை. பிறகுதான் என் கையைப் பிடித்துச் சிரித்தாள். வென்றுவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

செல்வி பாயில் உட்கார்ந்து, கை நிறைய இருந்த வளையலை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அந்த பானர நான் மின்னாடியே பாத்துட்டேன்" என்றாள். "வளையல் வாங்க அத்தையோட தாம்பரம் போனேன். பஸ்ஸு அங்கயே ரொம்ப நேரம் நின்னுச்சு. அத்தயும் பாத்தாங்க. நடுவுல கீற அம்மா உங்கம்மா ஜாடையா கீதேன்னாங்க."

எல்லம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "நீ இன்னா சொன்ன?"

"எங்கம்மா இல்லன்னு சொல்லிட்டேன்."

வளையல் சத்தம் நின்றுவிட்டது. பிறகு அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. வயிறு குலுங்க அழுததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எல்லம்மா அழவில்லை. மகளின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லதுதான் சொன்ன. நானா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் தலையைத் தடவிவிட்டு, மெல்லக் கேட்டாள். "பொறக்கப்போற கொழந்த கிட்டயாவது நான்தான் ஆயான்னு சொல்லுவல்ல?"

நான் வெளியே வந்துவிட்டேன். பாய் அந்த முகத்தை வெட்டி எடுத்தார். அந்தச் சொல்லை எந்தக் கத்திரியால் வெட்டி எடுப்பது? ஓர் இலைப் பிரியாணிக்கு ஒரு மகள் தன் தாயை இல்லையென்று சொல்ல வேண்டி வந்தது. அதைச் செய்தவர் நல்லவர், தேத்தண்ணி தருபவர், தர்மம் செய்பவர். செய்தோம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

சுதன், படந்தானே, குடுத்தா என்ன குறைஞ்சு போகுது என்று கேட்டாய். இதுதான் குறைஞ்சு போகுது.

லண்டன்காரரின் சோற்றை வேண்டாம் என்று சொல்லாதே. முகாமில் சனம் பசியோடு இருக்கிறது, எங்கள் ரோசத்துக்கு அவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? சமை, பரிமாறு. கமெராவைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வருவான். அவனைக் கையைப் பிடித்து மரியாதையாகக் கூட்டிவந்து பந்தியின் நடுவில் இருத்து. ஒரு தட்டைக் கையில் கொடுத்து, சோறும் பருப்பும் போடு. வாயில் வைக்கவிடாமல் கொஞ்ச நேரம் காக்க வை. சங்கத்தின் பெயர் எழுதிய துணியை அவன் தலைக்குப் பின்னால் பிடிக்கச் சொல். பிறகு அவனுடைய கமெராவை வாங்கி, முகம் வடிவாகத் தெரியும்படி ஒரு படம் எடு.

அந்தப் படத்தை லண்டனுக்கு அனுப்பு.